கீறியது யார் வீட்டுப் பூனை?

ஸ்ரீரங்கனுக்கு அக்குளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி, முன்கையில் ஆறாத கீறல். பூனைக் கீறல் நோய் என்றார் டாக்டர். "ஏன்னா, எந்தப் பூனை?" என்று மனைவி காமாக்ஷி கேட்டதும், மனுஷர் கண் இமைக்காமல் எதிர் ஃபிளாட்டைக் காட்டினார்.

அங்கே ஷாஹுல் ஹமீதும் அஸ்மத்துன்னிசாவும் மோத்தி என்ற வெள்ளைப் பூனையோடு குடியிருந்தார்கள். பிள்ளையில்லாத வீடு; மோத்திதான் எல்லாம். வாலை மிதித்தால்கூட ஒதுங்கிப் போகிற சாது அது. ஆனால் கச்சேரி ரோட்டுக் குடியிருப்பில் அத்தனை வருஷப் பழக்கமும் ஒரே கட்டியில் முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை மோத்தியைக் கொட்டிவாக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று எல்லாரும் கூடி முடிவு செய்தார்கள்.

உண்மை ஸ்ரீரங்கனுக்கு மட்டுமே தெரியும். சர்க்கரைக்காக டாக்டர் சொன்ன மாலை நடை அவரை நேரே சாந்தோமில் தங்கபுஷ்பத்தின் மீன் வறுவல் கடைக்குக் கொண்டுபோயிருந்தது. தட்டிலிருந்த வஞ்சிரத் துண்டுக்குக் கடைப் பூனை பாய, விடமாட்டேன் என்று இவர் இழுக்க, அப்போது வாங்கிய கீறல் அது. இதை ஆத்துக்காரியிடம் சொல்வதைவிட ஒரு பூனை ஊர் மாறுவது எவ்வளவோ மேல் என்று அவருக்குப் பட்டது. வெட்கங்கெட்ட மனுஷர்!

மகள் வர்ஷினியை அவர் மறந்துவிட்டார். அடையாறு ஆய்வுக்கூடத்தில் அவள் ஆராய்ச்சியே அந்தக் கிருமிதான்.

"கிருமி ஒண்ணுதாம்ப்பா. ஆனா பூனைக்குப் பூனை அதோட மரபணு கொஞ்சம் மாறும். மெட்ராஸ் பூரா அலைஞ்சு பூனை ரத்தம் சேர்த்து வெச்சிருக்கேன். உங்க கட்டிச் சீழையும் மோத்தி ரத்தத்தையும் ஒப்பிட்டா தெரிஞ்சுடும்." ஊருக்குச் சென்னை என்று பெயர் மாறி வருஷம் ஒன்றாகியும் அவள் வாயில் மெட்ராஸ்தான்.

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. கீழே ஆட்டோ நின்றது. ஷாஹுல் ஹமீது மோத்தியைக் கூடையில் வைத்து மூடினார். உள்ளே வர்ஷினி அப்பாவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"மோத்திகிட்ட இருக்கறது வேற வகை. உங்க வகை என் சேகரிப்புலயே ஒரே ஒரு பூனைகிட்டதான் இருக்கு. சாந்தோம், தங்கபுஷ்பம் கடை. நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?"

அதற்குள் வாசலில் அஸ்மத்துன்னிசாவின் குரல் உடைந்தது. "மாமி, எங்க மோத்தி பண்ண தப்புக்கு நான் மாஃப் கேட்டுக்கறேன். சார் உடம்பு தேறணும்னு துஆ செய்யறேன்."

ஸ்ரீரங்கனுக்கு நெஞ்சை அறுத்தது. பனியனோடு ஓடிப்போய்க் கூடையைப் பிடுங்கினார்.

"மோத்தி இல்லை பாய்! சாந்தோம் கடைப் பூனை! வஞ்சிரம் திங்கப் போனேன்!"

மாடிப்படி முழுக்கக் கேட்டது. ஷாஹுல் ஹமீது சிரிப்பை அடக்கச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். காமாக்ஷி மட்டும் அசையவில்லை.

"ஏன்னா, ஏகாதசியிலயுமா?"

இனிப் பொய்யே சொல்வதில்லை என்று அந்த நிமிஷம்தான் தீர்மானித்திருந்தார் மனுஷர்.

"இல்லைடி. அன்னிக்குப் போனேன், கடை திறக்கலை."