சூடேறாத பிரேக்

அக்கா புருஷனுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் கோப்பை. வாயைத் திறந்தால் பந்தயக் கோப்பைதான் விழும். பைக் கம்பெனியின் பந்தய அணியில் பதினோரு வருஷம் டயர் மாற்றியவர். ஓட்டி ஜெயித்தது வேறு ஆள்.

இன்றைக்கும் கூப்பிடாமலே தன் பைக்கில் வந்து நின்றார். இரத்த மாதிரிகளைக் கொண்டுபோகிற வேலைக்கு, பரிசோதனைக் கூடத்தின் பின்முற்றத்தில் அவள் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். தரையில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல் வண்டி நின்றால் வேலை. தாண்டினால் மறுபடியும் அக்கா வீட்டுச் சோறும் கோப்பையின் குத்தலும்.

"கிளட்ச்சைப் பிடிக்கிறதப் பாரு, மாவு பிசையற மாதிரி!"

"உங்க வாய்க்கு ஒரு பிரேக் போடுங்க அத்தான்."

ஒற்றை சிலிண்டர், எஞ்சினை மூட ஒரு தகடும் இல்லாத லேசான வண்டி அவளுடையது. சொன்ன பேச்சு கேட்கும். இன்றைக்குக் கேட்கவில்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்தும் கோட்டைத் தாண்டி ஓடி, ரப்பர் கூம்பை இடித்துத் தள்ளியது.

"இன்னும் ஒரே ஒரு தடவைதாம்மா," என்றார் மேற்பார்வையாளர்.

அவள் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். பிரேக் போல்ட்டில் புதுக் கீறல்.

"அத்தான், பிரேக்ல கை வச்சீங்களா?"

"நல்லது பண்ணா கை வச்சீங்களான்னு கேக்குற! ரேஸ் வண்டிக்குப் போடுற பிரேக் பேடு மாட்டிருக்கேன். மலைப்பாதைப் பந்தயத்துல நாங்க கோப்பை அடிச்சப்போ இதான்."

"அப்புறம் ஏன் நிக்கல?"

"ஜில்லுனு இருந்தா பிடிக்காது. பிரேக்கை அழுத்திக்கிட்டே பத்து ரவுண்டு சுத்து. சூடேறிட்டா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

"காலங்காத்தால பஸ் குறுக்க வந்தா, கொஞ்சம் இருப்பா, பத்து ரவுண்டு சுத்திட்டு வரேன்னு சொல்லவா?"

"பந்தயப் பரம்பரைடி இந்த வண்டி!"

"உங்களுதும் இதே வண்டிதானே? அதுல என்ன பேடு?"

அவர் சுவரைப் பார்த்தார். "கம்பெனில போட்டு வந்தது."

"ஏன், பரம்பரை வேண்டாமா?"

"நான் ரோட்டுல போறவன்ல..."

மேற்பார்வையாளர் மூக்கால் சிரித்தார். அவள் கையை நீட்டினாள்.

"உங்க வண்டிச் சாவி."

"தர மாட்டேன். மூணு வேளையும் என் வீட்டுல தின்னுட்டு..."

"தராட்டி இன்னும் ஒரு வருஷம் உங்க எதிர்லயே உக்காந்து தின்பேன். எப்படி வசதி?"

சாவி வந்தது.

"வேலைக்கு எந்த வண்டியோ அதுலதான் ஓட்டிக் காட்டணும்," என்றார் மேற்பார்வையாளர்.

"இதுலதான் சார் வருவேன்."

"ஏய்!" என்றார் அத்தான்.

அந்த 'ஏய்' அடங்குவதற்குள் அவள் போய்த் திரும்பி வந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள்.

"திங்கக்கிழமை ஆறு மணிக்கு வந்துடும்மா."

"சாவியக் குடு," என்றார் அத்தான்.

"என் வண்டிக்குப் பழைய பேடை மாட்டிக் குடுங்க, தரேன்."

"அத தூக்கிப் போட்டுட்டேனே!"

"அப்போ புதுசு வாங்கி மாட்டுங்க."

"உங்க அக்காகிட்ட சொல்றேன் பாரு."

"தாராளமா. சொல்லாம கொள்ளாம என் பிரேக்கை மாத்தினதையும் சேத்துச் சொல்லுங்க."

அவள் கிளம்பினாள். வாசலில் திரும்பும்போது கண்ணாடியில் அத்தான் தெரிந்தார். அவள் வண்டியில் அவர் ஏறவில்லை. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தார்.