கை படாத பேக்கார்ட்

அந்தப் பரிசைப் பற்றி யார் பேசினாலும் லைல் பேச்சை மாற்றுவான். ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊரில் அவனுடைய கார் சீட் தைக்கும் கடை ஓடுவதே அந்தப் பரிசால்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மிஸஸ் ஸ்ட்ரவுட் தன் அப்பா 1953இல் புதிதாக வாங்கிய பேக்கார்ட் காரை அவனிடம் விட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஊரில் பாதிப் பேரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர். புதுசு எதுவும் போடக் கூடாது, தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கட்டும், மேலும் கெடாமல் செய்து கொடு என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதிரி வண்டிக்கு மதிப்பே அதில்தான் இருக்கிறது. மாற்றித் தைத்த சீட் எத்தனை அழகாக இருந்தாலும் அந்த வண்டி பழைய கார் கண்காட்சியில் ‘கை படாத வண்டி’ வரிசையில் நிற்க முடியாது.

லைல் அவசரக்குடுக்கை. முன்சீட்டின் காய்ந்த தோல் எண்ணெயில் ஊறி இளகும்வரை பொறுக்காமல் இழுத்தான். ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. பின்சீட்டுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் மடிந்திருந்த அதே காலத்துத் தோலை வெட்டி அங்கே தைத்தான். தன் பழைய ஜீன்ஸால் நான்கு நாள் தேய்த்து அதன் நிறத்தை மங்கவைத்தான். சொல்லத்தான் வாய் வரவில்லை.

வண்டி முதல் பரிசு வாங்கியது. மூன்று மாநிலங்களிலிருந்து அவனைத் தேடிக்கொண்டு பழைய கார்கள் வந்தன. ஒவ்வொரு ஜூலையிலும் கண்காட்சிக்கு முன்னால் ‘எதையும் மாற்றவில்லை’ என்று அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஐந்து முறை போட்டுவிட்டான். இந்த வருடம் ஓர் அருங்காட்சியகமே வண்டியைக் கேட்டது. அவர்களுக்குச் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமாம்.

இதற்கு மேல் தாங்காது என்று மிஸஸ் ஸ்ட்ரவுட் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவர் அடுப்பிலிருந்து எடுத்த ஆப்பிள் பையைத் துண்டு போடுவதை நிறுத்தவே இல்லை.

“தெரியும்,” என்றார். “வண்டிய எடுக்க வந்த அன்னைக்கே தெரியும். சின்னப் புள்ளையில சர்ச்சுக்குப் போற வழியெல்லாம் அப்பா பக்கத்துல உக்காந்து அந்தத் தையல நகத்தால நோண்டிக்கிட்டே இருப்பேன். பள்ளமே விழுந்திருந்துச்சு. நீ தச்சதுல அது இல்ல.”

“அப்ப ஏன் மேடம் கேக்கல?”

“முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் பரிசு வந்துருச்சு.”

லைல் எழுந்து நின்றான். அருங்காட்சியகத்துக்குத் தானே எழுதிவிடுவதாகச் சொன்னான்.

“தாராளமா எழுது. உன்கிட்ட வண்டி விட்டவங்க அத்தன பேரும் மறுநாளே சீட்டப் பிரிச்சுப் பாப்பாங்க.”

வேறு எந்த வண்டியிலும் அவன் அப்படிச் செய்ததில்லை. அதை இனி யார் நம்புவார்கள்? என்றைக்காவது உண்மையைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்ற நினைப்பில்தான் ஆறு வருடம் தூங்கியிருந்தான். சொல்லியாகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் உட்கார்ந்தான்.

மிஸஸ் ஸ்ட்ரவுட் தட்டில் ஒரு துண்டு பை வைத்து, பக்கத்தில் அருங்காட்சியகத்துக் காகிதத்தையும் பேனாவையும் வைத்தார். அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

“திங்கக்கிழமை என் தங்கச்சி வீட்டுக்காரர் வண்டி வருது, லைல். நீ கை வச்சா வச்சதே தெரியாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”