பூட்டிய வீட்டில் புகை

வீட்டைக் கெடுப்பவர்கள் அதில் குடியிருப்பவர்களே என்பது முத்துவீரப்ப செட்டியாரின் அசைக்க முடியாத முடிவு. கண்ட இடத்தில் ஆணி அடிப்பார்கள், அம்மிக் குழவியைப் போட்டுத் தரையை உடைப்பார்கள், அடுப்பை மூட்டி உத்தரத்தைக் கரியாக்குவார்கள். ஆளில்லாத வீடு என்றால் வைத்தது வைத்தபடி இருக்கும். இதற்குச் சாட்சியாகத் தேவகோட்டையில் உள்ள சொந்த வீட்டைக் கூப்பிடுவார். "நாப்பது அறை. கட்டி இருபது வருசமாச்சு. எங்க வீட்டு ஆச்சி சிவகாமி ஒருத்திதான் இருக்கா. ஒரு ஓடு நகரல, ஒரு கதவு உப்பல. ஏன்? குடக்கூலிக்கு ஆள் இல்ல!" என்பார். பிள்ளை இல்லாத வீடு என்பதையும், மனைவி தனியாக இருக்கும் அந்தப் பக்கம் ஆறு வருடமாகத் தான் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல மாட்டார்.

பினாங்கில் அவருக்கு இருந்தது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில் ஒன்பது வீடுகள் கொண்ட ஒரே ஒரு வரிசை. மற்றதெல்லாம் கைவிட்டுப் போயிருந்தது. ரப்பர் விலை விழுந்து, கப்பல்கள் குறைந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேறிய 1932ஆம் வருடம் அது. இருந்த சிலரும் வாடகையில் இரண்டு வெள்ளி குறைக்கச் சொன்னார்கள். செட்டியார் குறைக்கவில்லை, அவர்களும் இருக்கவில்லை. ஒன்பதாம் வீட்டு இஸ்மாயில் குடும்பம் மட்டும் மிஞ்சியது. மற்ற எட்டு வீட்டு வாசலிலும் திண்டுக்கல்லிலிருந்து தருவித்த எட்டுப் பெரிய பூட்டுகளைத் தொங்கவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார் செட்டியார். அதோடு அந்தச் சந்துப் பக்கத்தையே மறந்தும் போனார்.

ஒன்றரை வருடம் கழித்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. காலி வீடுகளில் கொசுவும் எலியும் பெருகி, சுவரும் இற்றுப்போய்க் கிடக்கின்றன; வரும் புதன்கிழமை சுகாதார அதிகாரி வந்து பார்ப்பார்; மனிதர் வாழத் தகாதவை என்று கண்டால் வரிசை முழுவதையும் இடிக்க உத்தரவாகும். செட்டியார் அதை இரண்டு தடவை படித்தார். அந்த வரிசையும் போனால் பினாங்கில் அவர் வெறும் ஆள்.

செவ்வாய்க்கிழமை காலை சந்துக்கு ஓடினார். முனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த வாசு அவரைப் பார்த்ததும் குவளையைக் கீழே வைத்தான்.

"செட்டியாரே, இப்பதான் வழி தெரிஞ்சுதா? உங்க பூட்டின வீட்ல புகை வருதுலா."

"என்னய்யா சொல்றே?"

"தெனமும் வருது. இந்த வாரம் மூணாம் வீடு. போன வாரம் ரெண்டாம் வீடு. பேயா மனுசனான்னு நான் போய்ப் பாக்கல. கெர்ஜா கெடக்கு எனக்கு, கடை வேலை."

செட்டியாருக்கு ரத்தம் தலைக்கேறியது. தகாதவை என்று எழுதவா அதிகாரி யோசிப்பார், கண்டவன் உள்ளே புகுந்து அடுப்பு மூட்டியிருக்கும்போது? மூன்றாம் வீட்டு வாசலில் போய் நின்று சாவியைப் போட்டார். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. துருப் பிடித்துப் பூட்டு ஒரே இரும்புக் கட்டியாகிக் கிடந்தது. இழுத்தார், குலுக்கினார், உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் மரியாதையாகக் கேட்டது.

"யாரு, மொதலாளியா? முன்னாடி நின்னு மல்லுக்கட்டாதீங்க. பின்னால வாங்க."

"என் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு என்னையே வாங்கன்னு சொல்றியா? பின்கதவைத் தொற!"

"பின்னால கதவே இல்ல மொதலாளி. கறையான் தின்னு ஒரு வருசமாச்சு."

முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு, பின்வாசலுக்குக் கதவே இல்லை. வாசு கடையில் யாரோ சிரித்தார்கள். மலக்கூடை எடுப்பவர்கள் போகும் பின்சந்தின் வழியே, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் தானே திருடனைப் போல நுழைந்தார் முத்துவீரப்ப செட்டியார்.

உள்ளே இருந்தவள் இஸ்மாயிலின் மனைவி. விடியற்காலையில் இடியாப்பம் அவித்துத் துறைமுகத்தில் கொண்டுபோய் விற்பவள். அடுப்பில் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவளைத் திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் தரை கூட்டியிருந்தது. மூலையில் ஒட்டடை இல்லை. பின்வாசலை உடைந்த பெட்டிப் பலகைகளால் அடைத்து, பெயர்த்து எடுக்கும்படி வைத்திருந்தாள். உத்தரத்தில் ஏறிய கறையான் புற்று பாதி வழியில் காய்ந்து உதிர்ந்திருந்தது.

"வாரத்துக்கு ஒரு வீடு மொதலாளி. என் வீட்ல மூட்டுற அடுப்ப இங்க மூட்டுறேன், அவ்வளவுதான். பெட்டி ஒடச்ச வெறகு துறைமுகத்துல சும்மா கெடைக்கும். பொக ஏறுனா மரத்துல பூச்சி வராது, ஈரம் நிக்காது. ஆள் நடமாட்டம் இருந்தா பலகை கழட்டுறவனும் வர மாட்டான். எட்டு வாரத்துல ஒரு சுத்து. எங்க வீட்டுக்காரரு அந்தக் கால வச்சுக்கிட்டு ஓடு மட்டும் சரி பண்ணுவாரு."

இஸ்மாயிலின் கால் சரக்குப் பெட்டி விழுந்து நசுங்கியது என்பது செட்டியாருக்குத் தெரியும். அந்தக் காலோடு அவன் செட்டியாரின் கூரை மேல் ஏறியிருக்கிறான் என்பது தெரியாது.

"உனக்கு யாரும்மா சொன்னா இதெல்லாம் செய்யச் சொல்லி?"

"யாரு சொல்லணும்? ஒட்டிக் கட்டுன வீடு. இங்க ஏறுற கறையான் அடுத்து என் சுவத்துலதான் ஏறும்." பிறகு சற்றுத் தயங்கி, "வாங்க, அஞ்சாம் வீட்டையும் பாத்துருங்க" என்றாள்.

ஐந்தாம் வீட்டில் மாடிப்படி இல்லை. இருந்த இடத்தில் மண்குவியலும் மக்கிய மரத்தூளும் கிடந்தன. கூரையின் ஓட்டை வழியே வானம் தெரிந்தது.

"போன மழையில எனக்குக் காய்ச்சல். ரெண்டு மாசம் எந்திரிக்கல. அந்த ரெண்டு மாசத்துல ஆனது இது. கூர ஒழுகுது, புது ஓடு வேணும்னு அதுக்கு முன்னாலயே நீங்க தங்கியிருக்குற கிட்டங்கிக்கு வந்து சொன்னேன்."

செட்டியாருக்கு நினைவு வந்தது. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காலி வீடுதானே, யாரு நனையப் போறா?" என்று அன்று அவர் கேட்டார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். போய், மற்ற ஏழு வீட்டையும் காப்பாற்றியிருக்கிறாள். வெட்கத்தில் அவருக்கு முகம் எரிந்தது.

மறுநாள் அதிகாரி வருவதற்குள் பூட்டுகளை அறுத்து எறிந்தாயிற்று. இஸ்மாயில்தான் உட்கார்ந்தபடி அறுத்தான். அதிகாரி வெள்ளைக்காரர், மலாய் பேசுவார். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார், சுவரைக் குச்சியால் குத்திப் பார்த்தார். முற்றத்துக் கிணறுகளில் எட்டிப் பார்த்தபோது செட்டியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்குள் சின்னச் சின்ன மீன்கள் வாலாட்டிக்கொண்டு திரிந்தன. கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று அவற்றை விட்டவளும் அவள்தான். அதிகாரி தலையை ஆட்டினார். ஐந்தாம் வீட்டை மட்டும் ஒரு மாதத்துக்குள் சரி செய்ய வேண்டும், மற்றவை தகுதியானவை என்று எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்து, வீடுகளைக் கவனித்துக்கொள்பவர் யார் என்று கேட்டார்.

'நான்' என்ற சொல் செட்டியாரின் நாக்கு நுனி வரை வந்தது. இரண்டு நாளைக்கு முந்திய செட்டியாராக இருந்தால் வெளியிலும் வந்திருக்கும். அவர் ஒன்பதாம் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். பெயர் என்ன என்றார் அதிகாரி. செட்டியார் விழித்தார். அங்கே ஏழு வருடமாகக் குடியிருப்பவள், அவருக்கு அவள் 'இஸ்மாயில் வீட்டுப் பொம்பளை' மட்டும்தான்.

"ஏம்மா, உன் பேரு என்ன?"

"ஹபீபா பீவி."

அதை அதிகாரிக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொன்னார் செட்டியார். அதிகாரி போனதும் அவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "என் வாசல நீ காப்பாத்திட்டே, தங்கச்சி. எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். ஹபீபா பீவி பதறிப்போய், "மொதலாளி, இடியாப்பம் ஆறுது, சாப்பிட்டுப் போங்க" என்றாள். ஒன்பதாம் வீட்டில் உட்கார்ந்து, நாலு இடியாப்பம் சாப்பிட்டார். இனி அந்த வீட்டுக்கு வாடகை கிடையாது என்றும், மற்ற வீடுகளுக்கு வருகிறவர்கள் முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்றும் அங்கேயே சொல்லிவிட்டார்.

கிட்டங்கிக்குத் திரும்பியவருக்கு ஒரு எண்ணம் வந்து நெஞ்சில் குத்தியது. தேவகோட்டை வீட்டில் இருபது வருடமாக ஒரு கதவு உப்பவில்லை. நாற்பது அறை. ஒருத்தி.

கடிதம் எழுத உட்கார்ந்தார். அதுவரை சிவகாமிக்கு எழுதியதெல்லாம் கட்டளைகள். இம்முறை ஒரு கேள்வி, ஒரு நன்றி: 'அத்தனை பெரிய வீட்டை நீ எப்படிப் பார்த்துக்கொள்கிறாய்? உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.'

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே சந்துக்குப் போனார். ஐந்தாம் வீட்டுக்குப் புதுப் படி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் வீட்டில் யாரோ குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். ஹபீபா பீவி மாவு பிழிந்துகொண்டே கேட்க, செட்டியார் வாசித்தார்.

'தினம் ஒரு அறை திறந்து, கூட்டி, விளக்கேற்றி, இரவு அங்கேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். நாற்பது நாளில் ஒரு சுற்று வரும். மனிதர் மூச்சுப் பட்டால் வீடு கெடாது. இன்று நீங்கள் படுக்கிற அறையின் முறை.'

ஹபீபா பீவி பிழிவதை நிறுத்தினாள்.

"ஒத்தையிலயா, மொதலாளி?"

"ஆமாம்மா."

அவள் இடியாப்ப உரலைக் கீழே வைத்தாள். பிறகு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஊருக்கு அடுத்த கப்பல் என்னைக்கு?"

வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் இருந்தது. செட்டியார் ஏறினார்.