பிளேடு பிடித்த கை

ரிஃபானா கொல்லைப் பக்கத்து நைலான் கயிற்றில் இரண்டாவது பெட்ஷீட்டை மறைப்பாகப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த சைமா கேட்டாள்.

"மூணு பேரு வேணும்மா. நான் ஒருத்தி, மவ நீ ஒருத்தி. தண்ணி மொண்டு ஊத்துறது யாரு? மருமவளா?"

ரிஃபானா வாயைத் திறப்பதற்குள் நடையிலிருந்து தம்பி ஃபவாஸின் குரல் வந்தது.

"அவ வேணாம். பெரிம்மாவக் கூப்புடுங்க."

"அதுக்கு முட்டி மடங்காதே, நைனா."

"நின்னுகினு ஊத்தட்டும். பிளேடு புடிச்ச கை எங்கம்மா மேல படக் கூடாது."

சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், இலந்தை இலை போட்ட தண்ணீரைக் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. அங்கே நின்றது ஃபவாஸின் மனைவி ரூஹி. சில விநாடிகள் கழித்துக் கரண்டி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

மணி ஒன்றே முக்கால். அம்மா மலிகா காலை ஆறு மணிக்குப் போய்விட்டாள். சாயங்கால அசர் தொழுகைக்கு எடுப்பதாகப் பள்ளிவாசலில் அறிவித்தாகிவிட்டது. இரண்டு ராத்திரி தூங்காத கண்ணோடு ரிஃபானா முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

பிளேடு கதை ராயபுரத்தில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் இடது குதிகாலில் ஒரு கறுப்பு. கால் ஆணி என்று நினைத்து, போன ரமலான் முதல் வாரத்தில் ரூஹி சுடுதண்ணீரில் காலை ஊறவைத்துப் புது பிளேடால் சீவிவிட்டாள். மேலே கால் ஆணி பிளாஸ்திரி ஒன்று ஒட்டினாள். பெருநாள் முடிந்து டாக்டரிடம் போனபோது தொடை இடுக்கில் கட்டி. அப்புறம் நுரையீரல். மெலனோமா என்றார்கள், தோலில் வரும் புற்றுநோய். "கிளறி விட்டுட்டா" என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹார்பரில் டிரெய்லர் ஓட்டும் ஃபவாஸ் அன்றிலிருந்து பெண்டாட்டியிடம் சாப்பாடு, சாவி, மருந்து மூன்றைப் பற்றித்தான் பேசினான்.

கிளறினால் பரவாது என்பது இந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒன்பது வருடமாக ரிஃபானாவின் வேலையே அதுதான். தரமணிப் பக்கம் ஓர் ஆய்வகம். மெலனோமா தோலிலிருந்து எப்படிக் கிளம்பி, நிணநீர் போகிற நாளங்களுக்குள் எங்கே நுழைந்து, எப்படிப் போய் நெறிக்கட்டியில் இறங்குகிறது என்று பார்ப்பது. அவள் பார்த்த ஸ்லைடுகளில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரர்களின் முதுகும் தோளும். நம் ஆட்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்காலில்தான் வரும் என்று படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள்.

நான்கு வருடத்துக்கு முன், ஃபவாஸின் கல்யாணத்துக்கு முந்தின நாள், அம்மாவின் காலுக்கு மருதாணி போட்டது அவள்தான். கோன் கையில். குதிகாலில் ஓர் உளுந்து அளவு கறுப்பு.

"இன்னாடி அது?" என்று அம்மா கேட்டாள்.

"மச்சம்மா. கால ஆட்டாத."

கோனை ஒரு சுற்று சுற்றினாள். கறுப்பு மருதாணிக்கு அடியில் போய்விட்டது.

அதோடு போகவில்லை. போன ரமலானுக்குப் பத்து நாள் முன்பு அம்மா போன் செய்தாள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதாம். வலி இல்லையாம். அந்த நேரத்தில் ரிஃபானா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தாள். எலியின் பாதத்தில் செலுத்திய புற்றுச் செல்கள் பச்சையாக மின்னிக்கொண்டு நாளத்தின் வழியே வரிசையாகப் போய் நெறிக்கட்டியில் இறங்கியதை அன்றுதான் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தாள். "செருப்பு கடிச்சிருக்கும். ஒத்தடம் குடும்மா, வேலயா கீறேன்" என்று வைத்துவிட்டாள். ஆய்வக நோட்டில் அந்தத் தேதி இருக்கிறது. ரூஹி பிளேடை எடுத்ததற்கு இரண்டு வாரம் முந்தைய தேதி.

பதினோரு மாதமாக அந்தத் தேதியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சைமா கையில் துணியைச் சுற்றிக்கொண்டே குரலைத் தணித்தாள். ஆபரேஷன் பண்ணின உடம்பு என்று கேள்விப்பட்டாளாம். "ஒண்ணு சொல்லிர்றேன். உள்ள பாக்குறத உள்ளயே வுட்டுட்டுப் போயிடணும். மய்யித்தோட கொறய வெளிய பேசக் கூடாது."

ரிஃபானா தலையாட்டினாள். சட்டென்று உடம்பு லேசானது போலிருந்தது. அசர் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அப்புறம் மண் போட்டுவிடுவார்கள். அவளும் தூங்கலாம்.

ரூஹி அண்டாவைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து திரைக்கு வெளியிலேயே வைத்தாள். உள்ளே பார்க்கவில்லை. பதினோரு மாதம் டெட்டாலில் புண் கழுவின விரல்கள். நுனியெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தன.

"கை பொறுக்குற சூடுதாங்க்கா," என்றாள். "மாமிக்கு இந்த அளவுதான் புடிக்கும்."

வைத்துவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ரிஃபானா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் ஃபவாஸ் பள்ளிவாசலிலிருந்து வந்த சந்தூக்குப் பெட்டியை வேனிலிருந்து இறக்க இடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைத் தண்ணீர் டேங்க் பக்கம் கூப்பிட்டாள். வந்தான். கண் சிவந்திருந்தது.

"சீக்கிரம் சொல்லுக்கா. பேஜாராக் கீது."

"அம்மா கால்ல இருந்தத மொதல்ல பாத்தது நான்டா. உன் கல்யாணத்துல."

அவன் புரியாமல் பார்த்தான்.

"மருதாணி போடும்போது. மச்சம்னு சொல்லி மேலயே போட்டுட்டேன். அப்புறம் நெறி கட்டிக்கீதுன்னு போன் பண்ணுச்சு. ஒத்தடம் குடுன்னேன். ரூஹி பிளேடு வெச்சது அதுக்கு அப்புறம். அதுக்குள்ள அது போய்ச் சேந்துடுச்சு. அவ சீவுனதால ஒண்ணும் ஆவல."

தெருமுனையில் ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"நீ படிக்கிறதே அதானே?"

"அதான்."

"நாலு வருசம்."

"ஆமா."

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் டேங்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். மறுபடி கழுவினான். ஈர முகத்தோடு உள்ளே போய்ச் சமையலறை வாசலில் நின்றான். மொள்ளுகிற பிளாஸ்டிக் ஜக்கை எடுத்து ரூஹியிடம் நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜக்கைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"போய் ஊத்து. தண்ணி ஆறிடப் போவுது."

ரூஹி ஜக்கை வாங்கவில்லை. அவன் பின்னால் நின்ற ரிஃபானாவைப் பார்த்தாள். அப்புறம்தான் வாங்கினாள்.

பலகையில் அம்மா முன்பைவிடச் சின்னதாக இருந்தாள். மேலே போர்த்திய துணியை விலக்காமல் அடியில் கைவிட்டு சைமா கழுவினாள். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். ரூஹி ஊற்றினாள். மூன்றாவது முறைக்குக் கற்பூரம் கரைத்தார்கள். சைமா இடது காலைப் பிடித்துத் தூக்கினாள்.

"அப்டித் தூக்காதீங்க, முட்டிக்குக் கீழ கை குடுங்க," என்றாள் ரூஹி. "நோவும்."

சொன்ன பிறகு ஜக்கோடு அப்படியே நின்றுவிட்டாள். சைமா முட்டிக்குக் கீழே கையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினாள்.

குதிகாலில் தொடைத்தோல் வைத்துத் தைத்த இடம் வேறு நிறத்தில் இருந்தது. ரிஃபானா அதை உள்ளங்கையால் கழுவினாள். தேவைக்கு அதிகமாகவே கழுவினாள். சைமா அவசரப்படுத்தவில்லை.

"அவன்கிட்ட சொல்லிட்டேன், ரூஹி. நான்தான் மொதல்ல பாத்தேன்னு."

ரூஹி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்க்கா. மாமி சொல்லுச்சு."

"எப்ப?"

"ஆபரேஷன் முடிஞ்ச வாரம். நீ மருதாணி போடும்போது பாத்தியாம், ஆனா உன்கிட்ட கேக்கக் கூடாதாம். கேட்டா நீ வேலைக்குப் போவ மாட்டியாம். யாருக்கும் சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு."

ரிஃபானாவின் கை குதிகாலிலேயே நின்றது.

"சைமாக்கா," என்றாள் ரூஹி, குரல் மாறாமல், "கால் வெரலு இடுக்குல இன்னொரு தபா ஊத்தட்டா?"

"ஊத்தும்மா."

நாலேகாலுக்கு சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கக் கொம்பு ஃபவாஸின் தோளில். படியிறங்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி ரூஹியைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு எத்தனை நாளாகும் என்று ரிஃபானாவுக்குத் தெரியவில்லை. கலிமா சொல்லிக்கொண்டு போகும் குரல்கள் முனை திரும்பும் வரை கேட்டன. அப்புறம் லாரி ஹார்ன்.

பெண்கள் ஹாலில் யாசீன் ஓத உட்கார்ந்தார்கள். ரிஃபானா கொல்லைக்கு வந்து நனைந்த பெட்ஷீட்டுகளை அவிழ்த்தாள். ஒன்றை மடித்தாள். மற்றதை மடிக்கத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பாதம் இரண்டும் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

ரூஹி ஒரு டம்ளரில் டீயோடு வந்தாள். டம்ளரைப் படியில் வைத்தாள். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரிஃபானாவின் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். துப்பட்டா முனையால் உள்ளங்காலைத் துடைத்தாள். போனில் டார்ச்சைப் போட்டு, குதிகாலிலிருந்து ஆரம்பித்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். நகங்களையும் பார்த்தாள். அப்புறம் வலது கால்.

பார்த்து முடித்து டார்ச்சை அணைக்காமல் போனை ரிஃபானாவிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலை நீட்டினாள்.