கடைசியா என்ன செஞ்சீங்க?

எடிட்டிங் வகுப்பில் மிஸ் ஒரே ஒரு விஷயத்தில்தான் கறார். மவுஸைத் தொடுமுன் எதற்காகத் தொடுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தப்பு நடந்தால் அவளைக் கூப்பிடக் கூடாது. கடைசியாக என்ன செய்தோம், அதற்கு முன் என்ன செய்தோம் என்று பின்னோக்கி யோசிக்க வேண்டும். பட்டனைக் காட்டிக்கொடுத்தால் கைதான் பழகும், மண்டை பழகாது என்பாள்.

இந்த யோசிப்பெல்லாம் வகுப்பில் படித்த மச்சானுக்கு வேப்பங்காய். போட்டோக் கடை நடத்தும் முரட்டு ஆள். கூடப் படிக்க வந்த மாப்பிள்ளை, அவன் தங்கையைக் கட்டியவன், ஒட்டடைக்குச்சி உடம்பு. இருவரும் ஒரே கம்ப்யூட்டரில் ஒரு துணிக்கடை விளம்பரத்தை எடிட் செய்துகொண்டிருந்தார்கள்.

அன்று காலை ஃபைலைத் திறந்தால், படம் இருந்த இடமெல்லாம் ‘ஃபைல் இல்லை’ என்று சிவப்புக் கட்டம்.

“தொலைச்சிட்டியேடா! உனக்குப் போய் என் தங்கச்சியைக் கொடுத்தேன் பாரு!”

“நான் தொடவே இல்ல மச்சான்...”

சொல்லி முடிக்கவில்லை. மச்சான் கீபோர்டைப் பிடுங்கி அவன் முகத்தில் அறைந்தான். பட்டன்கள் நாலாபக்கமும் தெறித்தன. மாப்பிள்ளையின் மூக்கு உடைந்து சட்டை ரத்தமாயிற்று. விழுந்தவனை விலாவில் உதைத்தான். குறுக்கே போன மிஸ்ஸையும் ஒரே தள்ளு. மேசை முனையில் முழங்கை இடித்து அவளுக்குக் கண் இருட்டியது.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். “அடிச்சது போதும். நேத்து கடைசியா யார் இதுல உட்கார்ந்தது?”

“நான்தான்” என்றான் மச்சான்.

“என்ன செஞ்சீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

மேசையில் கையூன்றி, மூச்சு வாங்கியபடி சொன்னான். “மெஷின் மெதுவா ஓடுச்சு. இடம் பத்தலன்னு நினைச்சேன். பழைய ஃபோல்டர் ஒண்ணை அழிச்சேன்.”

“பழசுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

அவன் சிவப்புக் கட்டங்களைத் திரும்பிப் பார்த்தான். “திறந்து பார்க்கல மிஸ். நான்தான்... நான்தான் விளம்பரப் படத்தை அழிச்சிருக்கேன்.”

சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவன் தானாகவே யோசித்துக் கண்டுபிடித்திருந்தான். “அப்படித்தான்!” என்று மிஸ்ஸின் வாயில் தன்னை அறியாமல் வந்துவிட்டது.

மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். எழுந்தவன் மூலையிலிருந்த கேமரா ஸ்டாண்டைத் தூக்கி, மேசைமேல் இருந்த மச்சானின் கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அலறியவனின் தோளில் இன்னொன்று. “இப்ப யோசி! நல்லா யோசி!” வகுப்பிலிருந்த நாலு பேர் சேர்ந்து பிடித்தும் திமிறினான்.

ஆஸ்பத்திரிக்குத் தங்கைக்காரி ஓடி வந்தாள். நேரே மிஸ்ஸிடம் கேட்டாள்.

“யார் முதல்ல கை வச்சது?”

“உங்க அண்ணன். ஆனா அவர் தப்பை ஒத்துக்கிட்ட அப்புறம்தான் உங்க வீட்டுக்காரர் அடிச்சார்.” இடையில் தான் ‘அப்படித்தான்!’ என்று பாராட்டியதை மட்டும் மிஸ் சொல்லவில்லை.

மாவுக்கட்டோடு படுத்திருந்த அண்ணன் கன்னத்தில் பளார். திரைக்கு அந்தப்பக்கம் மூக்கில் பஞ்சோடு கிடந்த புருஷனுக்கும் ஒன்று.

“கடைச் சாவி இனிமே என்கிட்ட. ரெண்டு பேரும் என் வாசலை மிதிக்கக் கூடாது!”

நர்ஸ் வந்து அவளைப் பிடித்து வெளியே தள்ளினாள். பெஞ்சில் உட்கார்ந்தவள் அப்போதுதான் பக்கத்திலிருந்த மிஸ்ஸின் முழங்கையைப் பார்த்தாள். பந்தாக வீங்கியிருந்தது.

“இதை யார்கிட்டயும் காட்டலையா? எழுந்திரிங்க மிஸ், வாங்க.”