அக்கா பார்த்த ஐந்து ஜோடி வெளிச்சங்கள்

1

இது திருட்டுக் கதை. அக்கா துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னது. "எங்கயும் எழுதிடாதடா" என்று அவள் முடிப்பதற்குள் நான் மனத்தில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வரி: 'சூரியன் அன்று வழக்கத்தைவிட' [அடித்துவிட்டேன். கவிதை என்று பயந்து ஓடிவிடுவீர்கள்.]

2

அக்கா இயற்பியல்காரி. நீளம், அகலம், உயரம் போக இன்னும் பரிமாணங்கள் உண்டா என்று தேடும் குழுவில் எட்டு வருடமாக இருக்கிறாள். உண்டென்றால், சூரியனில் ஒருவகைத் துகள் பிறந்து, பூமி வரைக்கும் பரவி, சூரியனையே சுற்றிக்கொண்டிருக்குமாம். சுரங்கத்துக்குள் வைத்திருக்கும் வாயுத் தொட்டியில் அது ஒன்று சிதைந்தால், ஒரே நொடியில், ஒரே அளவில் இரண்டு வெளிச்சங்கள் தெறிக்கும். இதுவரை யாரும் பார்த்ததில்லை.*

* துகளே இல்லாமலும் இருக்கலாம். என் கதாநாயகன்மேல் இவ்வளவு சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை.

3

அவர்களிடம் ஒரு வழக்கம். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று விதி எழுதி முடிக்கும்வரை தொட்டியின் பதிவுகளைப் பூட்டி வைப்பார்கள். யாரும் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடித் திறப்பதாக ஏற்பாடு.

அக்கா பார்த்துவிட்டாள். தவறுதலாக ஒரு கோப்பு திறந்துகொண்டது. உடனே மூடியிருக்கலாம், மூடவில்லை. ஐந்து ஜோடி வெளிச்சங்கள். அதற்குப் பிறகு அவள் எழுதிய விதியில் அந்த ஐந்தும் பத்திரமாகத் தப்பித்தன.

"வேணும்னு பண்ணலடா. கை தானா அந்தப் பக்கம் போயிடுச்சு."

"முடிவைத் தெரிஞ்சுகிட்டு ஆரம்பத்தை மாத்துறது தப்பா? நான் தினமும் அதைத்தானே பண்றேன்?"

"உன் கதையை நம்பி யாரும் பாடப்புத்தகத்தை மாத்த மாட்டாங்க."

மடித்த சட்டையையே பிரித்துத் திரும்ப மடித்தாள். சொன்னால் அவள் குழுவில் நீடிப்பதே சந்தேகம். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கைதட்டல்.

"அந்த அஞ்சும் நிஜமாவே இருக்கலாம்ல?"

"இருக்கலாம். இனிமே என்னால அதை நம்பவே முடியாது. அதான்டா வயித்தெரிச்சல்."

எனக்குப் பாவமாக இருந்தது. அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

4

முடிவு (அ): அக்கா வாயே திறக்கவில்லை. மாலை, மரியாதை.

முடிவு (ஆ): அக்கா குழுத் தலைவியின் கதவைத் தட்டி [இங்கே எனக்கே அழுகை வந்து நிறுத்திவிட்டேன்.]

முடிவு (இ): அந்த ஐந்தும் சுரங்கப் பாறையில் கசிந்த கதிர்வீச்சின் கைவரிசை. [சோம்பேறி எழுதும் முடிவு.]

5

வியாழக்கிழமை காலை, மனசு கேட்காமல் திருட்டை ஒப்புக்கொண்டு, இதுவரை எழுதிய தாள்களை அவளிடம் நீட்டினேன். திட்டவில்லை. நின்றபடியே படித்தாள். மூன்றாம் பகுதி முடிந்ததும் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"முடிவு வேணாம். பாத்துட்டா அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துப்பேன். ஒரு தடவை பட்டது போதும்."

பையை மாட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டாள்.

நீங்கள் நான்காம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். நான் எழுதியே விட்டேன். எனவே, முடிவு சொல்லும் தகுதி நம் இருவருக்கும் போய்விட்டது. அதைப் பார்க்காத ஒரே ஆள், இந்நேரம் பேருந்தில் போய்க்கொண்டிருப்பாள்.