திரும்பாத ரத்தம்

பேராச்சியின் காலில் தண்ணீர் லாரியின் பின்சக்கரம் ஏறிவிட்டது. மழைக்காலத்துக் காலை. பம்பாயில், தாராவி மில்லில் முறுக்கு மாவு அரைத்து வாங்கிக்கொண்டு ரோட்டோரமாகத்தான் வந்தாள். ஆஸ்பத்திரியில் எலும்பைக் கம்பி போட்டுச் சேர்த்தார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழே தோலும் சதையும் போய், எலும்பு வெளியே தெரிந்தது. அதை மூடாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

மூடுவதற்கு அவள் முதுகிலிருந்து ஒரு துண்டு சதையைத் தோலோடும் ரத்தக்குழாயோடும் எடுத்துக் காலில் வைத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் குழாயோடு குழாயைத் தைக்கிற ஆபரேஷன். அந்த ஆஸ்பத்திரிக்கே அது புதுசு. நாள் முழுக்க நடந்தது. சாயங்காலம் டாக்டர் திருவேங்கடம் கண் சிவக்க வெளியே வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த இளம் டாக்டர். பேராச்சியின் புருஷன் சுயம்பு எழுந்து நின்றான்.

"நன்னாத்தான் முடிஞ்சிருக்கு. இனிமே அந்தச் சதை பிழைக்கணும். ரத்தம் உள்ளேயும் வரணும், வெளியேயும் போகணும். சிஸ்டர் பார்த்துப்பா. நீங்களும் பார்த்துண்டே இருங்கோ. விரலாலே அமுக்கினா வெளுக்கும், விட்டா நிறம் மெதுவாத் திரும்பணும். நீலம் பாரிச்சா உடனே சொல்லுங்கோ."

சுயம்பு தலையாட்டினான். டிராம்பேயில் எண்ணெய்க் குழாய்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கான்ட்ராக்ட் கூலி அவன். பேராச்சியின் தோலோ நல்ல கறுப்பு. அதில் வெளுப்பும் நீலமும் எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தான், கேட்கவில்லை. கட்டுக்கு நடுவே உள்ளங்கையளவு இடத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏங்க, எப்படி இருக்கு?" என்றாள் பேராச்சி. அசையக் கூடாது என்பதால் அவளால் எட்டிப் பார்க்க முடியாது.

"நல்லாத்தான் இருக்குட்டி."

"தொடுதியளா? எனக்கு ஒண்ணும் தெரியலியே. யார் சதையையோ கட்டி வச்ச மாதிரி இருக்கு."

டாக்டர் வரும்போதெல்லாம் பேனா போன்ற ஒரு கருவியை அந்தச் சதைமேல் வைப்பார். கூட இருக்கிற சின்னப் பெட்டியிலிருந்து ஷ்ஷு, ஷ்ஷு என்று சத்தம் வரும். ரத்தம் ஓடுகிற சத்தம். அதைக் கேட்டால்தான் சுயம்புவுக்குச் சோறு இறங்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அமுக்கிப் பார்த்தான். விரலை எடுத்ததுமே நிறம் குபுக்கென்று திரும்பியது. சீக்கிரம் திரும்பினால் நல்லதுதானே என்று நினைத்தான். ஆனால் சதை விம்மியிருந்தது. நாவல் பழத்தின் நிறம் படிந்திருந்தது. ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டான். அவள் பார்த்துவிட்டுப் போனுக்கு ஓடினாள்.

டாக்டர் உடனே வந்தார். பேனாவை வைத்தார். ஷ்ஷு, ஷ்ஷு.

"சத்தம் கேக்குல்லா சார்!" என்றான் சுயம்பு.

டாக்டர் அந்தச் சதையை ஊசியால் குத்தினார். கறுத்த ரத்தம் திரண்டு வழிந்தது.

"வர்ற ரத்தம் வந்துண்டுதான் இருக்கு. போற குழாய் அடைச்சுடுத்து. அதான் உள்ளேயே தேங்கறது. இப்பவே திறக்கணும்."

"நான் பாத்தது பிந்திட்டோ சார்?"

"இல்லை. நீங்க சரியாத்தான் சொன்னேள்."

அப்படியே தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். உறைந்திருந்த ரத்தத்தை எடுத்து, குழாயை மறுபடி தைத்தார்கள். திரும்பி வந்தபோது சதை தணிந்து, பழைய நிறத்துக்கு வந்திருந்தது. அன்று சுயம்பு சாயா வாங்கிக் குடித்தான். மறுநாள் பொழுது விடிந்தபோது மறுபடி நீலம். இந்தத் தடவை பெரிய டாக்டரும் வந்தார். திறந்து பார்த்தார்கள். குழாய் நெடுக அடைத்திருந்தது. தைப்பதற்கு நல்ல இடம் மிச்சமில்லை.

அதற்குப் பிறகும் சுயம்பு பார்த்துக்கொண்டேயிருந்தான். வேறென்ன செய்ய? ஓரத்திலிருந்து கறுத்து வந்தது. சதை ஜில்லென்றிருந்தது. இரண்டு கையையும் அதன்மேல் பொத்தி வைத்துக்கொண்டான். சிஸ்டர் கண்டும் காணாததுபோல் போனாள்.

"என்னன்னு சொல்லுங்க" என்றாள் பேராச்சி. "உங்க மூஞ்சியத்தான நான் பாத்துட்டு கெடக்கேன்."

டாக்டர் திருவேங்கடம்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். எலும்பில் சீழ் வைத்துவிட்டது, உயிருக்கு ஆபத்து, முழங்காலோடு எடுத்துவிட வேண்டும் என்றார். "எங்களாலே ஆனதைப் பண்ணினோம்மா. ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியலை."

பேராச்சி இடுப்புக்குப் பின்னால் கை விட்டு முதுகுக் கட்டைத் தொட்டாள். பிறகு, "அப்போ முதுகுல எடுத்தது?" என்று கேட்டாள்.

காலை எடுத்தார்கள். வெட்டிய இடம் ஆறியது. முதுகுக் காயமும், யாருக்கும் உபயோகமில்லாமல், சீராக ஆறியது.

வீட்டுக்குப் போகிற அன்று டாக்சி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது, சந்துக்குள் வராது. சுயம்பு கதவைத் திறந்து குனிந்தான். முதுகில் கை கொடுத்தால் தழும்பு இழுத்தது. கீழே கை கொடுக்க ஒரு பக்கம் கட்டுப் போட்ட தொடைதான் இருந்தது. எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் கையை நீட்டியபடி நின்றான். பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்தது.

"அழாதிய, எல்லாரும் பாக்காவ" என்றாள் பேராச்சி. அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் அக்குளுக்குக் கீழே வைத்தாள். "இங்கன பிடிங்க."

அவன் தூக்கினான். அவள் வலியில் முனகினாள். இருவருமாகச் சந்துக்குள் போனார்கள்.